நிறுத்தினால் இறங்கிவிடுவாள்

ருக்மணி தாலி கட்டிக்கொண்டு, காஜா பேராங் என்ற ஊரில் கணவனின் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவளை முதலில் எதிர்கொண்டது ஒரு மோட்டார் சைக்கிள். கூடத்தின் நடுவில், சாமி படங்களுக்கு நேர் எதிரே, சாக்கு விரிப்பின்மேல் அது நின்றது. இலைப்பச்சை நிற பி.எஸ்.ஏ. வண்டி. முன் இருக்கை தேய்ந்து வெளுத்துக் கிடந்தது. பின் இருக்கையின்மேல் மட்டும் சலவை செய்த வெள்ளைத் துணி ஒன்று போர்த்தியிருந்தது. புதுப்பெண் படுக்க வேண்டிய கட்டிலுக்குக்கூட அப்படியொரு விரிப்பு இல்லை.

பலகை வீடு, தகரக் கூரை. உள்ளே ஸ்பிரிட் வாசம், பெட்ரோல் வாசம். அவற்றுக்கு அடியில் செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய தலையெண்ணெய் வாசம். இந்த வீட்டில் இரண்டு வருஷமாகப் பெண்ணே இல்லை என்றுதானே தரகர் சொன்னார்? ருக்மணி கூடத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஆலத்தித் தட்டோடு வந்த பக்கத்து வீட்டுக்காரி பொன்னம்மாவின் தலையில் தேங்காயெண்ணெய்தான் மணத்தது.

ருக்மணிக்கு இருபத்தொன்பது வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அந்தக் காலத்தில் இருபத்தொன்பது வயதுப் பெண் வீட்டில் இருந்தால் பெற்றவர்கள் விருந்துக்குப் போவதையே நிறுத்திவிடுவார்கள். அவளைக் கட்டிக்கொண்ட தேவதாஸ், அதே தோட்டத்தில் டிரஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்கு ஊசி போட்டு, டாக்டர் வராத நாளெல்லாம் அவர்தான் டாக்டர். முதல் மனைவி சிவகாமசுந்தரி பூச்சி கடித்து இறந்துவிட்டாள் என்றார்கள். பூச்சி கடித்தா ஒருத்தி சாவாள் என்று ருக்மணியின் அப்பா கேட்கவில்லை. கேட்டால் சம்பந்தம் கைநழுவிவிடும். ஊரெல்லாம் மெர்டேகா, மெர்டேகா என்று முழங்கிக்கொண்டிருந்த வருஷம் அது. தனக்கும் ஒரு விடுதலை கிடைத்ததாக ருக்மணி நினைத்துக்கொண்டாள். பாவம், வேறு எதை நினைப்பாள்?

தேவதாஸ் கெட்டவரில்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் அவளோடு பேசும்போது அவர் பார்வை அவள் தோளுக்குப் பின்னால் எங்கேயோ போய் நிற்கும். முதல் சில வாரம் அவள் தோட்டத்துக்குப் பஸ்ஸில் போய் வந்தாள். ஒரே இடத்துக்குத்தானே இருவரும் போகிறோம், ஏன் தனித்தனியாக என்று கேட்டதற்கு, "வண்டியில எடமில்ல," என்றார். பின் இருக்கை காலியாகத்தானே இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. புதுப்பெண்.

பிறகு ஒருநாள் வகுப்பில் ஜன்னலைத் திறக்கும்போது அவளைத் தேனீ கொட்டியது. வழக்கமாகக் கொட்டினால் சுண்ணாம்பு தடவிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ருக்மணிக்கோ கை முழங்கை வரை வீங்கியது, வயிறும் தொடையும் தடிப்புத் தடிப்பாய்ச் சிவந்தன, உதடு மரத்தது. மருந்துச்சாலைக்குக் கூட்டிப் போனபோது அவளைப் பார்த்த தேவதாஸின் முகம் ரத்தம் சுண்டி வெளுத்தது. மாத்திரை கொடுத்தார். அன்று முழுக்க அவளைப் பக்கத்து பெஞ்சிலேயே படுக்க வைத்து, நாடியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். கல்யாணமான பிறகு அவர் அவள் கையை அத்தனை நேரம் பிடித்தது அன்றுதான்.

மாலையில் வீட்டுக் கூடத்தில் அவளை உட்கார வைத்துச் சொன்னார்.

"அடுத்த தடவ கொட்டுனா இதோட நிக்காது, ருக்மணி. தொண்ட அடைக்கும். இனிமே பஸ்ஸுல போவாத. எங்கூடவே வா. ஊசி எங்கிட்ட இருக்கு."

வண்டியின் பக்கவாட்டில் மாட்டியிருந்த தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பஞ்சு சுற்றிய சிறு கண்ணாடிக் குப்பி, கொதிக்க வைத்த ஊசி, ஸ்பிரிட் புட்டி. அட்ரினலின் என்றார். மூச்சு நின்றுபோகிற ஆளையும் அது திருப்பிக் கொண்டுவரும், ஆனால் உடனே போட வேண்டும் என்றார். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள்ளச் சொன்னார். முந்தானையை இறுக்கிச் செருகச் சொன்னார், பூச்சி உள்ளே புகுந்தால் வெளியே வர வழி தெரியாமல் திரும்பத் திரும்பக் கொட்டும் என்றார்.

"தேனீன்னா கொடுக்கு நிக்கும், கிள்ளி எடுக்காத, நகத்தால சொரண்டித் தள்ளு. கொளவின்னா கொடுக்கு விடாது. எதுவா இருந்தாலும் ஒடனே மோதரம், வளையல் எல்லாத்தையும் கழட்டிடு. வீங்குனா பெறகு கழட்ட முடியாது. நான் வண்டிய நிறுத்துவேன், நீ காலத் தூக்கி வச்சிப் படுத்துக்கணும்."

"கொட்டிருச்சின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? வண்டிச் சத்தத்துல கூப்புட்டா கேக்குமா? முதுகுல தட்டட்டா?"

அவர் பெட்டியை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, திரும்ப மூடினார்.

"முதுகுல மட்டும் தட்டாத. சட்டையப் புடிச்சி இழு."

மறுநாள் காலை அவர் பின் இருக்கைத் துணியை எடுத்து மடித்தார். ருக்மணி ஒருபக்கமாகக் கால்களைப் போட்டு உட்கார்ந்தாள். இருக்கை ஈரமில்லாமல் சில்லென்று இருந்தது. பத்து பெரெண்டாம் ஊரைத் தாண்டியதும் தார் சாலை முடிந்து செம்மண் பாதை தொடங்கியது, இருபுறமும் ரப்பர்ப் பால்மரங்கள். பள்ளம் வந்தபோது பிடித்துக்கொள்ள அவர் இடுப்பை நோக்கிக் கையை நீட்டினாள்.

கை எட்டவில்லை.

அவருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். அவள் குட்டைக் கையுள்ளவளும் அல்ல. ஆனாலும் விரல் அவர் சட்டையைத் தொடவில்லை. இன்னும் நீட்டினாள். விரல் நுனி எதிலோ பட்டு நின்றது. மெத்தென்று, தண்ணீரில் ஊறிய துணியைப் போல. செம்பருத்தி எண்ணெய் வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, மறுகையால் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்தபடி வந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டை இரண்டு தடவை தப்பாகச் சொல்லிக்கொடுத்தாள்.

தோட்டத்து எல்லையில் பெரிய மரத்தடியில் முனியாண்டி கோயில். கோயில் என்றால் ஒரு கல், ஒரு சூலம், கொஞ்சம் சாம்பல். லோரிக்காரர்கள்கூட அங்கே ஒரு நிமிஷம் நின்று சுருட்டோ சூடமோ ஏற்றிவிட்டுத்தான் தாண்டுவார்கள். மரத்தின் மேற்கிளையில் பானை அளவில் ஒரு குளவிக்கூடு. சாமி மரத்துக் கூட்டை எவன் கொளுத்துவான்? அது பாட்டுக்கு வளர்ந்தது. அத்தனை பேரும் நிற்கிற அந்த இடத்தில் தேவதாஸ் மட்டும் வண்டியை முறுக்கிக்கொண்டு பறந்தார். தினமும் அப்படித்தான். அந்த இடம் நெருங்கும்போது, ஈ விரட்டும் மாட்டின் தோலைப் போல அவர் முதுகு சிலிர்ப்பதை ருக்மணி பார்த்தாள்.

ஒரு காலையில் வேறொன்றையும் பார்த்தாள்.

அவர் சட்டையின் முதுகுப்புறம், வலது தோளுக்குக் கீழே, துணி உள்ளே அழுந்தியது.

எழும்பியது.

திரும்ப அழுந்தியது.

ருக்மணியின் இரண்டு கைகளும் பின் கம்பியில் இருந்தன.

அன்று சாயங்காலம், முதல் மனைவி எப்படிச் செத்தாள் என்று பொன்னம்மாவிடம் நேராகவே கேட்டாள். வேலியோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பொன்னம்மா கையை நிறுத்தினாள்.

"ஒங்க ஊட்டுல சொல்லலியா டீச்சர்? ஊருக்கே தெரியுமே. அந்தப் புள்ள சுந்தரியோட அம்மா ஊடு அந்தத் தோட்டத்து லயத்துலதான். ஞாயித்துக்கெழம ஆனா இவரு பின்னால உக்காந்து போவும். முனியாண்டி மரத்துகிட்ட போனா முதுகுல தட்டும், இவரு நிறுத்துவாரு, எறங்கிக் கும்புட்டுட்டு ஏறும். தவறாம. அன்னிக்குத் தோட்டத்து வெள்ளக்காரத் தொர அவசரமா வரச் சொல்லி ஆள் உட்டிருந்தாரு. போற வழியில அந்தப் புள்ள தட்டியிருக்கு. இவரு, சாமி கும்புடத்தான் தட்றான்னு நெனச்சி நிறுத்தல."

"கொளவி..."

"கொட்டிப்புட்டுச்சி. தட்டுதாம், தட்டுதாம், அப்பறம் நின்னு போச்சாம். சரி, அடங்கிட்டா, சாமிய வரும்போது பாத்துக்கலாம்னு இவரு போயிக்கிட்டே இருந்திருக்காரு. தோட்டத்து வாசல்ல போயித் திரும்பிப் பாத்தா, முதுகுல சாஞ்சபடி கெடக்கு. ஊசி பொட்டியிலதான் இருந்துச்சி. போட்டும் பிரயோசனமில்ல." பொன்னம்மா குரலைத் தாழ்த்தினாள். "நான்தான் குளிப்பாட்டுனேன். வளையலு சதைக்குள்ள பொதஞ்சிருந்துச்சி. ஒடச்சித்தான் எடுத்தோம். தேவதாசுன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா மனுசன் திரும்பியிருப்பாரு. புருசன் பேரச் சொல்லுமா அது? உசுரு போறப்பவும் சொல்லல."

ருக்மணிக்குப் பரிதாபமும் வந்தது, எரிச்சலும் வந்தது. செத்தவளை நினைத்துப் பரிதாபம். தன் தலையில் இதைக் கட்டிவிட்டு விருந்து சாப்பிட்டுப் போனவர்கள்மேல் எரிச்சல். அன்றிரவு தேவதாஸுக்குச் சோறு போடும்போது மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"அந்த மரத்துகிட்ட ஒரே ஒரு தடவ நிறுத்துங்களேன். அவங்க கேக்கறது அதுதானே. நிறுத்துனா நிம்மதியாப் போயிடுவாங்க."

அவர் மறுப்பார், பேய் என்று ஒன்றும் இல்லை என்பார், படித்தவர்தானே என்று நினைத்தாள். அவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

"நிறுத்துனா எறங்கிடுவா," என்றார்.

ருக்மணிக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவர் அந்தத் தட்டலுக்குப் பயந்து வண்டியை முறுக்கவில்லை. ஒவ்வொரு காலையும் அதற்காகவே அந்த வழியில் போகிறார்.

"அப்ப நான் யாருங்க?"

"நீ நல்லவ," என்றார் தேவதாஸ். சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். ஒரு பெண்ணை இதைவிட மோசமாகத் திட்ட முடியுமா என்று இரவெல்லாம் யோசித்தபடி படுத்திருந்தாள்.

பஸ்ஸிலேயே போயிருக்கலாம். ஊசிப் பெட்டி அந்த வண்டியில் இருந்தது, அதனால் ஏறினாள். உயிர்மேல் ஆசை யாருக்குத்தான் இல்லை? தாலி கட்டியவர் தட்டினால் திரும்பாமலா போய்விடுவார் என்ற நம்பிக்கையும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

ஆகஸ்டு மாதம் பிறந்தது. பள்ளியில் மெர்டேகா கொண்டாட்டத்துக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து காகிதக் கொடி ஒட்டினாள் ருக்மணி. ஒரு காலை, கூடை நிறையக் கொடிகளை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது, பால்மரக் காட்டில் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. முனியாண்டி மரத்தடியில் யாரோ பெரிய படையல் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அணையாத சாம்பிராணிப் புகை கிளை வரைக்கும் ஏறிப் பரவியிருந்தது.

புகைக்கு மேலே ஒரு ரீங்காரம்.

தேவதாஸ் முறுக்கினார். வண்டி புகைக்குள் புகுந்து வெளியே வந்தது. காதுக்குக் கீழே, துண்டின் விளிம்பில், கொள்ளிக்கட்டையை வைத்ததுபோல் சுட்டது. அடுத்தது புறங்கையில்.

குளவி.

உள்ளங்கை முதலில் அரித்தது. பிறகு காது மடல், நாக்கு, பாதம். அவர் சொல்லிக்கொடுத்தது நினைவில் இருந்தது, வளையல்களைக் கழற்றிக் கூடைக்குள் போட்டாள். கொடிகளுக்குள் அவை மறைந்தன. சட்டையைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினாள்.

எட்டவில்லை.

"என்னங்க," என்றாள். இன்ஜின் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. பேரைச் சொல்ல வேண்டும். தேவதாஸ், நாலே எழுத்து, பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு கூப்பிடுகிற வாய்தானே. அம்மா சொல்லவில்லை, அத்தை சொல்லவில்லை, அவளும் இதுவரை சொன்னதில்லை. வெட்கத்தைத் துடைத்துப் போட்டுவிட்டுச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோது தொண்டை வழிவிடவில்லை.

வேறு வழியில்லை. உடம்பை முன்னால் சாய்த்து, நடுவில் சில்லிட்டு மெத்தென்றிருந்த அதைக் கையால் அமுக்கித் தள்ளி, அவர் முதுகில் தட்டினாள். பட்டது. பலமாகப் பட்டது.

அவர் முதுகு நிமிர்ந்தது. வண்டி இன்னும் வேகமெடுத்தது.

திரும்பத் தட்டினாள். திரும்பத் திரும்பத் தட்டினாள்.

தேவதாஸ் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பேசினார். காற்று அந்த வார்த்தைகளைப் பின்னால் கொண்டுவந்து போட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டறியாத குரல்.

"தெரியுது சுந்தரி. தெரியுது. இரு."

ருக்மணியின் கை தானாக நின்றது. கண் இருட்டியது. அப்போது அவள் இடுப்பில் ஒரு கை பட்டது. வீங்கிப் பருத்த விரல்கள். அவை தள்ளினவா, தாங்கினவா என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. செம்மண் எழும்பி வந்து அவள் தோளில் மோதியது. கூடை கவிழ்ந்து, கொடிகள் ஈரமண்ணில் சிதறின.

மூச்சு குண்டூசி நுழைகிற அளவுக்குத்தான் போய் வந்தது. காலைத் தூக்கிப் பாதையோரத் திட்டில் வைத்தாள். தலையைத் திருப்பி, ஊசிப்பெட்டி போகிற திசையைப் பார்த்தாள்.

மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. நிற்கவில்லை.

பின் இருக்கையில் பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் அவர் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள்.

ரப்பர்ப் பால் ஏற்றப்போன லோரி ஒன்று வந்ததால் ருக்மணி பிழைத்தாள். சீன டிரைவர் அவளைத் தூக்கி முன்னால் கிடத்தி, தோட்டத்துப் பக்கமே போகாமல் வண்டியைத் திருப்பி, டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அவள் பேர்கூட அவனுக்குத் தெரியாது. டாக்டர் ஊசி போட்டார். மத்தியானம் கண்ணைத் திறந்தபோது, வெள்ளைத் தொப்பி வைத்த நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி, "ஆயுசு கெட்டிம்மா ஒனக்கு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா அவ்வளவுதான்," என்றாள். இமைகள் வீங்கிக் கண் கீற்றாகத்தான் திறந்தது. அந்தக் கீற்றின் வழியே ருக்மணி வாசலைப் பார்த்தபடி படுத்திருந்தாள். ஓடி வருவார், முகம் செத்துப்போய் வருவார், காலில் விழுந்தாலும் விழுவார் என்று நினைத்தாள். விழுந்தால் மன்னிப்பதா வேண்டாமா என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாள்.

பார்வையாளர் நேரத்தில் தேவதாஸ் வந்தார். ஓடி வரவில்லை. குளித்து, தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையோடு நடந்து வந்தார். கட்டிலருகே நின்று, டிரஸ்ஸர் வழக்கப்படி அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"பரவால்ல. வீக்கம் நாளைக்கு வடிஞ்சிடும்."

"நான் ரோட்டுல கெடந்தேங்க."

"தெரியும். லோரிக்காரன் உன்ன இங்க விட்டுட்டு, பெறகு தோட்டத்துல வந்து சொன்னான்."

"தட்டினேன். அத்தன தடவ தட்டினேன்."

அவர் அவள் கையைப் போர்வைமேல் வைத்தார். முகத்தில் ஏதோ ஒரு தெளிவு. இந்த முகத்தை ஒருநாளாவது தனக்குக் காட்டியிருக்கலாமே என்று அந்த நிலையிலும் அவளுக்குத் தோன்றியது.

"இன்னிக்கு நிறுத்துனேன் ருக்மணி," என்றார் கிசுகிசுப்பாக. "தோட்டத்து வாசலுக்கு முன்னாடியே நிறுத்துனேன். தட்டறது கொறஞ்சிக்கிட்டே வந்துச்சி, அன்னிக்கு மாதிரியே. பயமா இருந்துச்சி, ஆனாலும் நிறுத்திட்டேன். திரும்பிப் பார்த்தா மொகமெல்லாம் வீங்கிப்போயி உக்காந்திருக்கா. எறங்கிப் போவல. கீழ படுக்க வச்சி, கால் ரெண்டையும் தூக்கி வச்சி, ஊசியப் போட்டேன். கை நடுங்கவே இல்ல. கொஞ்ச நேரத்துல மூச்சு சீராயிடுச்சி. கண்ண முழிச்சி என் பேரச் சொன்னா. வாழ்ந்த காலத்துல ஒருநாள்கூடச் சொன்னதில்ல."

ருக்மணிக்கு அழுகை வரவில்லை. தொண்டை இன்னும் முழுசாகத் திறக்கவில்லை.

"அந்த ஊசி எனக்கு வச்சிருந்ததுங்க."

"உனக்குத்தான் இங்க டாக்டரே இருக்காரே," என்றார் அவர், பிள்ளைக்குச் சமாதானம் சொல்வதுபோல.

அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள். மிஸ்ஸி தட்டோடு நடந்து போனாள். போகிற வழியில் தேவதாஸின் பக்கத்தில் யாருக்கோ இடம்விட்டு ஒதுங்கி நடந்தாள். தான் ஒதுங்கியது அவளுக்கே தெரியவில்லை.

தேவதாஸ் குனிந்தார்.

"கொஞ்சம் நகந்து படு ருக்மணி. அவளுக்கு ஒடம்புல இன்னும் தெம்பு வரல. வந்ததுலேருந்து நின்னுக்கிட்டே இருக்கா."

ருக்மணி அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

அவள் கால்களை மடக்கிக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து படுத்தாள்.

இரும்புக் கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. அவள் விட்டுக்கொடுத்த இடத்தில் போர்வை மெல்ல அமிழ்ந்தது.